டின் வேண்டாம், லீவைத் தள்ளிப் போடு

அன்புள்ள குமாருக்கு, அம்மா எழுதுவது.

வரும்போது ஆறு டின் பால் பவுடர் வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டு வரட்டுமா என்று நேற்று போனில் கேட்டாயே, கவிதா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததால் "பார்க்கலாம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். போனில் பேசினால் நீ பாதியிலேயே "சரிம்மா சரிம்மா" என்பாய், அதனால்தான் எழுதி அனுப்புகிறேன். டியூட்டி முடிந்து ரூமுக்கு வந்து நிதானமாகப் படி. டின் வேண்டாம்.

பாசத்தில்தான் கேட்கிறாய், தெரியும். ஆனால் உனக்கும் கவிதாவுக்கும் பிள்ளை பிறக்கும் முன்னாடியே டின் வந்து அலமாரியில் உட்கார்ந்துகொண்டால், மூன்றாம் நாள் ராத்திரி குழந்தை விடாமல் அழும்போது யாராவது ஒருத்தர், அநேகமாக உன் பெரியம்மா, "பால் பத்தலை, ஒரு பாட்டில் கலக்கிக் கொடு" என்று எழுந்து வருவாள். வயிறு நிறைந்த குழந்தை அந்த வேளைக்கு மாரைத் தேடாது. சப்பச் சப்பத்தான் பால் ஊறும், சப்புவது குறைந்தால் உடம்பும் ஊறுவதைக் குறைத்துக்கொள்ளும், அப்புறம் நிஜமாகவே பத்தாமல் போகும். முனிசிபல் ஆஸ்பத்திரிப் பிரசவ வார்டில் ஆயாவாக இருந்தே ரிட்டையர் ஆனவள் நான், இதை எத்தனை கட்டிலில் பார்த்திருப்பேன்.

முதல் இரண்டு மூன்று நாள் வருவது சீம்பால். மஞ்சளாக, கெட்டியாக, ஒரு வேளைக்கு ஒன்றிரண்டு ஸ்பூன்தான் இருக்கும், அந்தக் குட்டி வயிற்றுக்கு அது போதும். பிறந்து ஒரு மணி நேரத்துக்குள் மாரில் போட்டுவிட வேண்டும், சிசேரியன் ஆனாலும் பக்கத்தில் ஒருத்தர் குழந்தையைப் பிடித்துக்கொண்டால் பெரும்பாலும் முடியும். இதற்கு நடுவில்தான் நம்ம ஊர் வழக்கம் ஒன்று வந்து நிற்கும். யார் சேனை வைப்பது, அதாவது பிறந்த குழந்தை நாக்கில் முதல் இனிப்பைத் தடவுவது, என்று பெரியம்மா இப்போதே கேட்க ஆரம்பித்துவிட்டாள். சர்க்கரைத் தண்ணியும் வேண்டாம், தேன் ஒரு வயது முடியும்வரை கூடவே கூடாது, வசம்பு, கிரைப் வாட்டர் எதுவும் வேண்டாம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான், மும்பையின் மே மாத வேக்காட்டில்கூடத் தண்ணீர் தனியாகத் தர வேண்டியதில்லை, தாய்ப்பாலில் பெரும்பகுதி தண்ணீர்தானே. இதை நான் சொன்னால் அக்கா தங்கச்சி சண்டையாகிவிடும். நீ சொன்னால் "பையனே சொல்றான்" என்று அடங்குவாள்.

பால் பத்துகிறதா என்பதை அழுகையை வைத்து முடிவு பண்ணாதே, குழந்தை எதற்கெல்லாமோ அழும். ஈரத்துணியை எண்ணு. ஐந்தாம் நாளுக்கு மேல் ஒரு நாளைக்கு ஆறு துணியாவது நனைந்தால் பால் போகிறது என்று அர்த்தம். முதல் சில நாள் எடை கொஞ்சம் இறங்கத்தான் செய்யும், இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிடும். துணி நனைவது குறைந்தாலோ, குழந்தை சோர்ந்து தூங்கிக்கொண்டே இருந்தாலோ டாக்டரிடம் ஓட வேண்டும், அதில் யோசனையே கிடையாது.

வலி விஷயமும் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும், நிறைய பேர் பாட்டிலுக்குப் போவது வலி தாங்காமல்தான். கொட்டாவி விடுகிற மாதிரி குழந்தை வாயை அகலமாகத் திறக்கும்வரை பொறுத்திருந்து, காம்போடு அதைச் சுற்றியிருக்கிற கருவட்டமும் வாய்க்குள் போகிற மாதிரி அணைக்க வேண்டும், கீழ்ப்பக்கம் அதிகமாகப் போக வேண்டும், தாடை மாரில் பதிய வேண்டும். காம்பை மட்டும் கவ்வினால் வெடித்து ரத்தம் வரும். அப்போது சுண்டுவிரலை வாய் ஓரத்தில் மெதுவாக விட்டுப் பிடியை விடுவித்து மறுபடி போட வேண்டும், வெடுக்கென்று இழுக்கக் கூடாது. பெற்ற களைப்பில் இருக்கிறவளுக்கு இதெல்லாம் ஒரே நாளில் வராது. தலையணையைச் சரி பண்ண, தண்ணீர் எடுத்துக் கொடுக்க, வந்தவர்களை வெளியே உட்கார வைக்க ஆள் வேண்டும். அந்த ஆள் நீ.

சொந்தத்தில் ஒரு பெண்ணுக்கு, பெயர் வேண்டாம், ஒரு நர்சிங் ஹோமில் தாயைக் கேட்காமலே பாட்டில் கொடுத்து, போகும்போது ஒரு டின்னும் இலவசமாகக் கொடுத்து அனுப்பினார்கள். அப்படி இலவச டின் கொடுப்பது 1992-லேயே சட்டப்படி தடை. இங்கே விற்கிற டின்னில் குழந்தைப் படம்கூடப் போடக் கூடாது, தாய்ப்பாலே சிறந்தது என்று அந்த டின்னிலேயே அச்சடிக்க வேண்டும்.

டாக்டரே மேல்பால் கொடுக்கச் சொன்னால் கொடுப்போம், அதில் எனக்கு வீம்பு கிடையாது, கவிதாவை யாரும் ஒரு வார்த்தை சொல்லவும் விடமாட்டேன். குறைமாதமாகப் பிறந்தால்கூட உடனே டின்தான் என்றில்லை. நம்ம சயான் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஆர்மிடா பெர்னாண்டஸ் 1989-ல் தாய்ப்பால் வங்கி தொடங்கினார், ஆசியாவிலேயே அதுதான் முதல். பால் மிகுந்திருக்கிற தாய்மார் கொடுப்பதை 62.5 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கி, உறைய வைத்து, தேவைப்படுகிற பிஞ்சுகளுக்குக் கொடுப்பார்கள். தாராவியில் இருந்துகொண்டு அதைத் தெரியாமல் இருக்கலாமா?

இப்போது கவிதாவின் சாப்பாடு. ஹீமோகுளோபின் 9.4 இருந்தது, போன வாரம் 10.6. பதினொன்றுக்கு மேல் வர வேண்டும். இரும்பு மாத்திரையை விழுங்கிவிட்டு உடனே கட்டிங் சாய் குடிப்பாள், டீயோடு போனால் சத்து சேராது என்று சொல்லி நிறுத்தியிருக்கிறேன். கால்சியம் மாத்திரை வேறு வேளையில். பிரசவம் ஆன பிறகும் ஆறு மாதம் இரும்பு மாத்திரை தொடர வேண்டும், அதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். பால் கொடுக்கிறவளுக்கு வழக்கத்தைவிட அறுநூறு கலோரி கூடுதலாக வேண்டும், பெரியம்மா சொல்கிற பத்தியத்தில், வெறும் பூண்டுக் குழம்பும் சோறும் வைத்து, அது எங்கிருந்து வரும்? முருங்கைக்கீரை, பருப்பு, முட்டை, மத்தி மீன் எல்லாம் உண்டு. சுறாப்புட்டு ஆசைக்குக்கூட வேண்டாம், பெரிய சுறாவில் பாதரசம் அதிகம். பக்கத்து வீட்டு மராட்டிக்கார அக்கா டிங்க் லாடு, அதாவது கோந்து லட்டு, பிடித்துத் தருகிறேன் என்றிருக்கிறாள், நெய் மணக்கும், உனக்கு ஒன்றிரண்டு மிஞ்சினால் பார்க்கலாம்.

செலவு பண்ணியே தீருவேன் என்றால் பால் எடுக்கிற நல்ல பம்ப் ஒன்று வாங்கிக்கொண்டு வா. கவிதாவுக்கு 26 வாரம் சம்பளத்தோடு லீவு உண்டு, அதற்குப் பிறகு அந்தேரி வரை ரயிலில் போய்வர வேண்டும். எடுத்து வைத்த பால் ஃபிரிட்ஜில் நாலு நாள் இருக்கும், வெளியே நாலு மணி நேரம், நம்ம புழுக்கத்தில் அதற்கும் முன்னாலேயே தீர்த்துவிடுவது நல்லது. ஆபீசில் ஐம்பது பேரோ அதற்கு மேலோ இருந்தால் குழந்தைகள் காப்பகம் வைத்தாக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, அவள் கேட்கக் கூச்சப்படுகிறாள், நீ பேசித் தைரியம் சொல்லு.

அப்புறம் லீவு. வளைகாப்புக்கு வருகிறேன் என்கிறாய், வந்து என்ன செய்யப் போகிறாய், போட்டோவுக்கு நிற்பாய், பிரியாணி சாப்பிடுவாய். அந்த லீவைத் தள்ளிப் போட்டுப் பிரசவத்தை ஒட்டி எடு, ராத்திரி முழித்திருக்க ஆள் தேவைப்படுவது அப்போதுதான். டிக்கெட் போடும் முன்னால் டாக்டர் கொடுத்த தேதியை என்னிடம் ஒரு தடவை கேட்டுக்கொள். பெரியம்மாவிடம் இன்றைக்கே பேசிவிடு, ஒன்பது மணிக்கு சீரியல் ஆரம்பித்தால் போனை எடுக்கமாட்டாள், அதற்குள் கூப்பிடு.

அம்மா