பழைய வெடிமருந்துக்கு மாற்று எது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் ஷாட்கன் (ரவைத் துப்பாக்கி) தோட்டாக்களை வீட்டிலேயே மறுபடி நிரப்புவோர் பற்றிய தங்கள் கட்டுரையில், உற்பத்தி நின்றுபோன வெடிமருந்துக்குப் பதிலாக 'எரிவேகப் பட்டியலில் அதற்கு அடுத்து இருப்பதைப் போடலாம்' என்று இருந்தது. தயவுசெய்து இதைத் திருத்துங்கள். குழல் பிளப்பது இப்படித்தான்.

அந்தப் பட்டியல் எது முந்தி எரியும், எது பிந்தி எரியும் என்ற வரிசையை மட்டுமே காட்டும். எவ்வளவு முந்தி என்பதைக் காட்டாது. அதைவிட ஆபத்து புஷ்ஷிங்கில், அதாவது மருந்தை அளக்கும் துளையுள்ள சிறு உலோக உருளையில், இருக்கிறது. மெக் போன்ற நிரப்பும் இயந்திரங்கள் மருந்தை நிறுப்பதில்லை, துளை கொள்ளும் அளவைக் கொட்டிவிடும். செதில் மருந்தான ரெட் டாட்டுக்குப் பொருத்திய புஷ்ஷிங்கில் உருண்டை மருந்தான எச்எஸ்-6 விழுந்தால் எடை ஏறக்குறைய இரட்டிப்பாகும். எனவே மருந்தை மாற்றும்போதெல்லாம் பத்து முறை கொட்டித் தராசில் கிரெய்ன் (மருந்தை நிறுக்கும் சிறு எடை அலகு) கணக்கில் நிறுத்துப் பார்க்க வேண்டும்.

பெயர் மட்டும் மாறிய மருந்துகளும் உண்டு. வின்செஸ்டர் 540-உம் ஹாட்ஜ்டன் எச்எஸ்-6-உம் ஒன்றே. 571-உம் எச்எஸ்-7-உம் அப்படியே. ஆனால் இவற்றில் எச்எஸ்-6 தவிர மற்றவை இப்போது கிடையாது. 452ஏஏ போன இடத்துக்கு வந்த டபிள்யூஎஸ்டி வேறு மருந்து, அதற்கு வேறு அளவு.

உற்பத்தி நின்றவற்றில் உண்மையான இழப்பு ஐஎம்ஆர் என்ற மருந்து வரிசையின் பிபி, எஸ்ஆர் 7625, எஸ்ஆர் 4756 மூன்றும்தான். 12 போர் (குழலின் அளவு), 2¾ அங்குல நீளத் தோட்டாவுக்கு அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 11,500 பவுண்டு. நூறாண்டு பழைய இரட்டைக்குழல் துப்பாக்கிகளுக்கு அதில் பாதியே போதும். அவ்வளவு தாழ்ந்த அழுத்தத்திலும் இம்மூன்றும் அரைகுறையாக நின்றுவிடாமல் எரிந்தன. பழைய டப்பாக்களுக்கு இன்னும் இவ்வளவு கிராக்கி இருப்பது அதனால்தான்.

டப்பா கிடைத்துவிட்டால் மட்டும் போதாது. அந்த மருந்துக்கு அச்சிட்ட அளவில் கூடு, கேப்பு (அடிபட்டு மருந்தைப் பற்றவைக்கும் மூடி), தக்கை, ரவை எடை நான்கும் சேர்ந்தே வரும். கேப்பை மட்டும் மாற்றினாலும் அழுத்தம் ஆயிரம், இரண்டாயிரம் பவுண்டு ஏறக்கூடும். பழைய வின்செஸ்டர் ஏஏ கூடு ஒரே வார்ப்பு. இப்போதைய ஏஏ எச்எஸ் கூட்டின் (எச்எஸ்-6 மருந்துக்கும் இதற்கும் தொடர்பில்லை) அடிப்பகுதி தனித்துண்டு. முன்னதற்கான அளவு பின்னதற்கும் பொருந்தும் என்று தானாக எண்ணிக்கொள்ளக் கூடாது. தோட்டாப் பெட்டியில் உள்ள 'டிராம்' எண்ணைப் (பழைய கருமருந்து எடைக் கணக்கு) பார்த்து நிறுப்பது அதைவிட மோசம்: 3 டிராம் என்றால் கருமருந்தில் 82 கிரெய்ன். இங்கே பேசும் புகையிலா மருந்தை அவ்வளவு போட்டால் துப்பாக்கி சிதறும்.

வாங்குமுன் முகர்ந்து பாருங்கள். நல்ல மருந்தில் ஈதர் வாடை லேசாக வரும். கெட்டதில் புளித்த அமில நெடி மூக்கில் ஏறும், துருநிறத் தூள் தெரியும், மூடியைத் திறந்தால் செம்பழுப்புப் புகை எழலாம். மருந்தின் மூலப்பொருளான நைட்ரோசெல்லுலோஸ் சிதையும்போது வரும் அமிலத்தை, அதில் சேர்த்திருக்கும் டைபினைலமீன் என்ற பொருள் பிடித்துவைக்கிறது. அது தீர்ந்துவிட்டால் சிதைவு தானாகவே வேகமெடுக்கும், சூடு அதை இன்னும் விரட்டும். அப்படிப்பட்டதை நல்ல மருந்தோடு கலக்கவே கூடாது. முத்திரை உடைந்த டப்பா, வேறு டப்பாவுக்கு மாற்றிய மருந்து எதையும் என்ன விலைக்கும் வாங்க வேண்டாம். உள்ளே இருப்பது இன்னது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்