நூல் கணக்கு

அன்பு மகளுக்கு,

இங்கே நானும் அம்மாவும் நலம். செங்கோட்டையில் இந்த வருஷம் வெயில் கொஞ்சம் கூடுதல்தான். தச்சுப் பட்டறைக்குக் காலையில் மட்டும் போய்விட்டு மதியம் வீட்டுக்கு வந்துவிடுகிறேன். நீ, மாப்பிள்ளை, பிள்ளை எல்லாரும் சுகம்தானே.

பிள்ளையின் கணக்குப் பேப்பரைப் போனில் அனுப்பியிருந்தாயே, அதை நேற்று ராத்திரி விரலால் பெரிசாக்கி வரி வரியாகப் பார்த்தேன். மார்க் எவ்வளவு என்று பார்க்கவில்லை. எந்த இடத்தில் தடுக்கியிருக்கிறான் என்று பார்த்தேன். 1/2 + 1/3 = 2/5 என்று எழுதியிருக்கிறான். 0.3, 0.25 இரண்டில் எது பெரியது என்று கேட்டதற்கு 0.25 என்று வட்டம் போட்டிருக்கிறான். 3.4 உடன் 0.25-ஐக் கூட்டி 3.29 என்று முடித்திருக்கிறான். டீச்சர் மூன்றுக்கும் தனித்தனியாகச் சிவப்பு மை போட்டிருக்கிறார். எனக்கு மூன்றும் ஒரே தப்பாகத்தான் தெரிகிறது. எண்ணை எண்ணாக மட்டும் பார்க்கிறான், அது எதில் எத்தனை என்று கேட்கவில்லை. யாரும் அவனைக் கேட்க வைக்கவும் இல்லை.

அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் பேசினால் நீ ஆபீஸ் அவசரத்தில் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். எழுதினால் இரண்டு தடவையாவது படிப்பாய்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். "எனக்கே பின்னம் வராதுப்பா, என் பிள்ளைக்கு எப்படி வரும்" என்றாய். நீ சாதாரணமாகத்தான் சொன்னாய். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. உனக்குப் பின்னம் வராமல் போனதற்குக் காரணம் நான். ஆறாம் வகுப்பில் அரைப் பரீட்சைக்கு முந்தின நாள் ராத்திரி, நடையில் உட்கார வைத்து உனக்குச் சொல்லிக்கொடுத்தேனே, ஞாபகம் இருக்கிறதா? "பகுதி வேற வேறயா இருந்தா மீ.சி.ம. எடு, குறுக்கே பெருக்கு, மேலே போடு" என்று ஒப்பிக்கச் சொன்னேன். பகுதி என்றால் பின்னத்தில் கீழே இருக்கிற எண், மீ.சி.ம. என்றால் மீச்சிறு பொது மடங்கு. நீ "ஏன்ப்பா கீழே இருக்கறதையும் கூட்டக் கூடாது?" என்று கேட்டாய். எவ்வளவு நல்ல கேள்வி அது! நான் அடிஸ்கேலால் தரையைத் தட்டி, "சொன்னதைச் செய்" என்று கத்தினேன். அதற்குப் பிறகு நீ என்னிடம் கணக்குக் கேட்கவே இல்லை. பகலெல்லாம் பட்டறையில் இதே கணக்கைக் கையாலும் கண்ணாலும் போட்டுக்கொண்டிருந்தவன், வீட்டுக்கு வந்து உனக்குச் சூத்திரத்தை மட்டும் கொடுத்தேன். உன் கேள்விக்கான பதில் என் இடுப்பில் செருகியிருந்த டேப்பிலேயே இருந்தது. அதை எடுத்துக் காட்ட எனக்குத் தோன்றவில்லை.

அந்தப் பதிலை இப்போது சொல்கிறேன், கேள்.

எங்கள் தொழிலில் ஒரு இஞ்சுக்கு எட்டு நூல். அரை இஞ்ச் என்றால் நாலு நூல், கால் இஞ்ச் என்றால் இரண்டு நூல். வீடு கட்டும்போது கொத்தனாரும் கம்பி கட்டுகிறவரும் "மூணு நூல் கம்பி, நாலு நூல் கம்பி" என்று சொல்லக் கேட்டிருப்பாய், அதே நூல்தான். முக்கால் இஞ்ச் பலகை, அதன் மேல் 5/8 இஞ்ச் பலகை, மேலே 1/8 இஞ்சில் ஒரு தகடு. மொத்தக் கனம் எவ்வளவு? பட்டறையில் யாரும் மீ.சி.ம. என்று சொல்ல மாட்டார்கள். ஆறு நூல், அஞ்சு நூல், ஒரு நூல், ஆகப் பன்னிரண்டு நூல், ஒன்றரை இஞ்ச். வாய் மூடுவதற்குள் கணக்கு முடிந்துவிடும்.

கீழே இருக்கிற 8 என்பது கூட்டுவதற்கான எண் இல்லையம்மா. அது சாமானின் பேர். ஆறு மாம்பழமும் அஞ்சு மாம்பழமும் சேர்ந்தால் பதினொரு மாம்பழம், அங்கே மாம்பழத்தையும் மாம்பழத்தையும் கூட்டுவதில்லை. நூலும் அப்படித்தான். பேர் வேறு வேறாக இருந்தால் கூட்ட முடியாது, அதனால் எல்லாவற்றையும் ஒரே பேருக்குக் கொண்டுவருகிறோம். பள்ளிக்கூடத்தில் அதற்குப் பகுதியைச் சமமாக்குவது என்று பேர் வைத்திருக்கிறார்கள். மீ.சி.ம. என்பது எல்லாத் துண்டையும் மிச்சமில்லாமல் அளக்கக்கூடிய நூல் எது என்று தேடுவது, அவ்வளவுதான்.

இப்போது பிள்ளை போட்ட 1/2 + 1/3. இதற்கு நூல் உதவாது, எட்டை மூன்றாகப் பிரிக்க முடியாது. ஆனால் அடிக்குப் பன்னிரண்டு இஞ்ச். அரை அடி ஆறு இஞ்ச், அடியில் மூன்றில் ஒரு பங்கு நாலு இஞ்ச். சேர்த்தால் பத்து இஞ்ச். பன்னிரண்டில் பத்து, அதாவது ஆறில் ஐந்து. அவன் எழுதிய 2/5 பாதியை விடக் குறைவு. அரை அடிக் கட்டையோடு இன்னொரு துண்டைச் சேர்த்து ஒட்டிய பிறகு, அது அரை அடியை விடச் சின்னதாகிவிடுமா? இந்த ஒரு கேள்வியை அவனாகவே கேட்டுக்கொள்ளப் பழகினால் போதும், அந்தத் தப்பு மறுபடி வராது.

பெருக்கலும் அப்படித்தான், நம் பேச்சிலேயே இருக்கிறது. காலில் பாதியை நாம் அரைக்கால் என்கிறோம். அரையையும் காலையும் பெருக்கினால் எட்டில் ஒன்று என்று அந்த வார்த்தையே சொல்கிறது. அதில் பாதி வீசம், பதினாறில் ஒன்று. என் அப்பா காலத்தில் ரூபாய்க்குப் பதினாறு அணா என்பதால் அணாதான் வீசம். உங்கள் ஆச்சி எதற்கெடுத்தாலும் "முக்காலே மூணு வீசம் முடிஞ்சுட்டு" என்பாளே, அதைப் போட்டுப் பார். பதினாறில் பன்னிரண்டும் மூன்றும் சேர்ந்து பதினைந்து. முழுசாவதற்கு ஒரு வீசம்தான் பாக்கி. பின்னக் கூட்டலை அவள் பள்ளிக்கூடம் போகாமலே வாயில் வைத்திருந்தாள்.

1957 ஏப்ரலில் அணா போய் நயா பைசா வந்த பிறகும் கடைத்தெருவில் நாலணா, எட்டணா என்கிற பேச்சு போகவில்லை. நீயும் நாலணா கொடுத்து மிட்டாய் வாங்கியிருக்கிறாய். 2011 ஜூனோடு 25 காசும் செல்லாது என்று ஆகிவிட்டது. பிள்ளை ஒரு ரூபாய்க்குக் கீழே காசையே கையில் பிடித்ததில்லை. 0.25 என்றால் கால் என்பது நமக்குக் காசில் பழகியது. அவனுக்கு அது பேப்பரில் வெறும் இருபத்தைந்து. மூன்றை விட இருபத்தைந்து பெரிசுதானே என்று வட்டம் போட்டுவிட்டான். அதில் அவன் குற்றம் எதுவும் இல்லை.

அதனால் தசமத்தை அவனுக்கு டேப்பில்தான் காட்டப் போகிறேன். 0.3 மீட்டர் முப்பது சென்டிமீட்டர், 0.25 மீட்டர் இருபத்தைந்து சென்டிமீட்டர். இழுத்துப் பார்த்தாலே எது நீளம் என்று தெரியும். புள்ளிக்கு அடுத்த இடம் பத்தில் ஒன்று, அதற்கடுத்தது நூறில் ஒன்று. 3.4 உடன் 0.25 கூட்டும்போது பத்தில் ஒன்றை நூறில் ஒன்றோடு சேர்த்துவிட்டான், மறுபடியும் பேர் மாறிப்போன தப்புதான். புள்ளிக்கு நேர் கீழே புள்ளி வர வேண்டும் என்பதற்கு வேறு காரணமே கிடையாது. 3.40-ம் 0.25-ம் சேர்ந்து 3.65.

புள்ளியைப் பற்றி உன்னிடம் இதுவரை சொல்லாத ஒரு விஷயம் உண்டு. நாலைந்து வருஷம் முன்னால் ஒரு வீட்டுக்குச் சமையலறை அலமாரி வேலை. மேடைக்கு அடியில் நிற்க வேண்டிய பக்கப் பலகைகளின் உயரம் இரண்டடி பத்து இஞ்ச். தொழிலில் எல்லாரும் எழுதுகிற மாதிரி துண்டுச் சீட்டில் 2.10 என்று எழுதி, மெஷினில் பிளைவுட் அறுத்துக் கொடுக்கிற இடத்தில் நீட்டினேன். அங்கே இருந்த பையன் அதை அடிக்கணக்கு என்று எடுத்துக் கம்ப்யூட்டரில் 2.10 என்றே போட்டு மில்லிமீட்டருக்கு மாற்றிவிட்டான். 640 மில்லிமீட்டர். எனக்கு வேண்டியது 864. ஆறு பலகையும் ஒரே வெட்டில் வந்து நின்றன. இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினால் மேடைக்கும் பலகைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. மரத்தை அறுத்த பிறகு ஒட்டி வளர்க்க முடியுமா?

பையன் மேல் தப்பே இல்லை. 2.10 என்றால் இரண்டும் பத்தில் ஒன்றும்தான், 2.1-தான் அது. ஒரு அடியில் பத்தில் ஒன்று 1.2 இஞ்ச். நான் நினைத்ததோ பன்னிரண்டில் பத்து, அதைத் தசமத்தில் எழுதினால் 2.833. புள்ளிக்கு இந்தப் பக்கம் பத்துப் பத்தாகப் போகிறது, அடியும் இஞ்சும் பன்னிரண்டு பன்னிரண்டாகப் போகிறது. நாற்பது வருஷம் 2.6, 6.9 என்று நான் எழுதியதெல்லாம் தசமமே இல்லை, அடிக்கும் இஞ்சுக்கும் நடுவில் வைத்த ஒரு அடையாளம்தான். கையால் அறுத்த காலத்தில் எழுதியதும் நான், வாசித்ததும் நான், அதனால் தெரியாமல் போயிற்று. இப்போது சீட்டில் இரண்டு அடி பத்து இஞ்ச் என்று முழுசாக எழுதி, பக்கத்திலேயே மில்லிமீட்டரையும் எழுதிவிடுகிறேன். பிள்ளைக்கு இந்தக் கதையைச் சொல்லப் போகிறேன். அந்த ஆறு பலகையில் ஒன்று இன்னும் பட்டறை மூலையில் சாய்ந்துதான் நிற்கிறது, அவனே அளந்து பார்க்கட்டும்.

வகுத்தல்தான் பிள்ளைகளுக்கு ரொம்ப உறுத்தும். வகுத்தால் குறைய வேண்டாமா, கூடுகிறதே என்று திகைப்பார்கள். மூன்றடி ரீப்பரில், அதாவது மெல்லிய மரச் சட்டத்தில், முக்கால் அடித் துண்டு எத்தனை கிடைக்கும்? நாலு. மூன்றை முக்காலால் வகுத்தால் நாலு, அவ்வளவுதான் கணக்கு. தலைகீழாகத் திருப்பிப் பெருக்கு என்கிற விதியைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம், முதலில் அவன் கையால் அறுக்கட்டும். நிஜமாக அறுத்தால் ரம்பம் ஒவ்வொரு வெட்டுக்கும் அரை நூல் தின்னும். மூன்று வெட்டுக்கு ஒன்றரை நூல். கடைசித் துண்டு ஏன் குறைகிறது என்று அவன் கேட்பான். கேட்கட்டும் என்றுதான் அறுக்கச் சொல்கிறேன்.

இப்போது நான் கேட்க வந்ததற்கு வருகிறேன். லீவிலேயே ஆறாம் வகுப்புப் பாடத்தை ஆரம்பிக்கிற கோச்சிங் கிளாசில் சேர்க்கப் போவதாகச் சொன்னாய். வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டா தெரியவில்லை, ஆனாலும் சொல்கிறேன், வேண்டாம். இனிமேல் அவனுக்கு வரப்போவது எல்லாமே இதன் மேல்தான் நிற்கும். விகிதம் பின்னம்தான். சதவீதம் நூறைப் பகுதியாக வைத்த பின்னம். ஒரு எண்ணின் பாதியையும் மூன்றில் ஒரு பங்கையும் கூட்டினால் பத்து வருகிறது, அந்த எண் என்ன என்று எக்ஸ் போட்டுக் கேட்பார்கள். ஆறில் ஐந்து பங்கு பத்து என்று தெரிந்தவனுக்குப் பன்னிரண்டு என்று உடனே வரும். 2/5 என்று போடுகிறவனுக்கு எக்ஸ் மேலேயே பயம் வந்துவிடும். அந்தப் பயத்தை நான் உன் முகத்தில் பார்த்திருக்கிறேன்.

மே மாதம் முழுக்க அவனை இங்கே விடு. காலையில் ஒரு மணி நேரம் பட்டறை, சாயங்காலம் அரை மணி நேரம் நோட்டு. அதற்கு மேல் இல்லை, மீதி நேரம் அவன் இஷ்டம். கத்த மாட்டேன். அவன் "ஏன்" என்று கேட்டால், பதில் தெரியாவிட்டாலும் இரண்டு பேரும் சேர்ந்து அளந்து பார்ப்போம். அரைக்கால் 0.125, கால் 0.25, மூணு அரைக்கால் 0.375 என்று எட்டு நூலுக்கும் தசமம் மட்டும் மனசில் நிற்க வேண்டும், அதையும் டேப்பில் தொட்டுத் தொட்டுத்தான் சொல்லிக்கொடுப்பேன். ஒன்றை மூன்றால் வகுத்தால் 0.333 என்று முடியாமல் போகுமே, அதை அவனே வகுத்துக் கண்டுபிடிக்கட்டும். நான் முன்கூட்டிச் சொல்ல மாட்டேன். நீயும் போனில் சொல்லிவிடாதே.

நீ வருகிற சனி ஞாயிறில் நீயும் அவன் பக்கத்தில் உட்கார். உனக்குப் பின்னம் வராது என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒன்றரை டம்ளர் அரிசிக்கு முக்கால் டம்ளர் பருப்பு என்றால், அரை டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளர் பருப்பு என்று யாரும் சொல்லாமலே போடுகிறாய். உன் கைக்குத் தெரிந்ததை நான்தான் உன்னிடமிருந்து பயமுறுத்தி வாங்கிவிட்டேன்.

மாப்பிள்ளை பொதிகை எக்ஸ்பிரஸில் கூட்டிக்கொண்டு வந்தால் காலையில் நான் ஸ்டேஷனில் நிற்பேன். அந்தப் பரீட்சைப் பேப்பரைக் கிழித்துப் போடாமல் பையில் வைத்து அனுப்பு. ஒரு கட்டம் போட்ட நோட்டும் வேண்டும், இங்கே கடையில் கோடு போட்டதுதான் இருக்கிறது. வேப்பங்கட்டையில் சரியாக ஒரு அடிக்கு ஒரு துண்டு இழைத்து, பன்னிரண்டு பங்காகக் கோடு கீறி வைத்திருக்கிறேன். அம்மா அதற்கு எண்ணெய் தடவிக்கொண்டிருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா