கருந்துளைச் சத்தம்

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இங்கே சின்னவளுக்கு பிளஸ் டூ என்பதால் டிவியை மூட்டை கட்டி வைத்தாயிற்று.

நாசா வெளியிட்ட கருந்துளைச் சத்தத்தைப் பற்றி, 'வெற்றிடத்தில் ஏதப்பா சத்தம், கதை விடுகிறார்களா?' என்று கேட்டிருந்தாய். கதை இல்லை. அந்தக் கருந்துளை இருக்கும் பெர்சியஸ் என்ற விண்மீன் மண்டலக் கொத்து சுமார் 24 கோடி ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. அதன் விண்மீன் மண்டலங்களுக்கு நடுவே பல கோடி டிகிரிச் சூட்டில் வாயு பரவிக் கிடக்கிறது. ரொம்ப மெலிதுதான், ஆனால் அங்குள்ள விண்மீன்களையெல்லாம் கூட்டினாலும் அதன் எடைக்கு வராது. அந்த வாயுவில்தான் சத்தம் பரவுகிறது.

கொத்தின் நடுவில் இருப்பது என்ஜிசி 1275 என்ற விண்மீன் மண்டலம். அதன் கருந்துளையிலிருந்து பீய்ச்சிக்கொண்டு கிளம்பும் துகள் தாரைகள் அந்த வாயுவை ஒதுக்கிக் குமிழிகளை ஊதுகின்றன. எக்ஸ் கதிர்ப் படத்தில் இருட்டுக் குழியாகத் தெரிகிற அதே இடம் ரேடியோ அலைப் படத்தில் பளிச்சென்று இருக்கும். குமிழியைச் சுற்றி எழும் அலைகளை 2003இல் நாசாவின் சந்திரா எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியின் படங்களில் கண்டுபிடித்தார்கள். ஒரு அலை கடக்க ஏறக்குறைய 1 கோடி ஆண்டு ஆகும். அவ்வளவு தாழ்ந்த சுருதியை நம் காதுக்கு எட்டும்படி 57 ஆக்டேவுக்கு (ஒரு ஆக்டேவ் ஏறினால் அதிர்வெண் இரண்டு மடங்காகும்) மேல் உயர்த்தியதுதான் நீ கேட்டது.

கருந்துளை இப்படி ஊதிக்கொண்டே இருப்பதால்தான் நடுவிலுள்ள வாயு ஆறி, கூட்டம் கூட்டமாக விண்மீன்களாகிவிடாமல் இருக்கிறது. அந்தச் சூட்டை வாயு முழுக்கக் கொண்டுசேர்ப்பது அலையா, வாயுவின் கொந்தளிப்பா என்பதில்தான் இன்னும் சண்டை. 2016இல் ஜப்பானின் ஹிட்டோமி என்ற எக்ஸ் கதிர்ச் செயற்கைக்கோள் அங்கே வாயு நொடிக்கு சுமார் 160 கிலோமீட்டர் வேகத்தில் அலைபாய்வதை அளந்து சொன்னது. பாவம், அந்தச் செயற்கைக்கோள் ஏவிய சில வாரங்களிலேயே செத்துப்போனது.

எனக்கு என்னவோ, சத்தம் போடுகிறவனைவிட அதே கொத்தில் ஓடுகிறவனைத்தான் பிடிக்கிறது. என்ஜிசி 1265 என்ற விண்மீன் மண்டலம், நொடிக்கு 2000 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் வாயுவைக் கிழித்துக்கொண்டு போகிறது. இரண்டு பக்கமும் நேராகப் புறப்படும் தாரைகள், தீப்பந்தத்தைப் பிடித்துக்கொண்டு ஓடினால் சுவாலை பின்னால் சாய்வதுபோல, வளைந்து நீண்ட வாலாகிவிடுகின்றன. கண்ணுக்குத் தெரியாத வாயு அங்கே இருக்கிறது என்பதற்கு அந்த வளைவே போதுமான சாட்சி.

அப்புறம், நீ புனேயில்தானே இருக்கிறாய்? நாராயண்காவ் பக்கம் கோடாடில் ஜிஎம்ஆர்டி என்ற ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது: 45 மீட்டர் அகலத்தில் 30 கிண்ணங்கள். ஓபியூகஸ் என்ற இன்னொரு கொத்தில் எப்போதோ நடந்ததாக 2020இல் அறிவித்த பிரம்மாண்டமான வெடிப்பைக் கண்டுபிடித்ததில் அதன் தரவும் உண்டு. பிப்ரவரி 28 அறிவியல் நாளை ஒட்டிப் பொதுமக்களை உள்ளே விடுவார்கள். பையனையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு எழுது.

அன்புடன்,
ரவி