நாளைக்கு நாலு பக்கம்

நண்பர்களுக்கு வணக்கம். எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, வலது கண்ணை நம்பி, இதை நானேதான் தட்டுகிறேன். இடது கண்ணில் விழித்திரை பிரிந்து ஆபரேஷன் ஆன கதை உங்கள் எல்லோருக்கும் தெரியும், திரும்பச் சொல்லி அறுக்க மாட்டேன். கண்ணுக்குள் பூச்சி பறக்கிற மாதிரி இருக்கிறது என்று போய் நின்றபோது "கண்ணாடி பவர் மாறியிருக்கும்" என்று அனுப்பிவைத்தவரைப் பற்றியும் இங்கே பேச்சில்லை. நேற்று டாக்டர் பார்த்துவிட்டு விழித்திரை நன்றாக ஒட்டிக்கொண்டுவிட்டது, விட்டுவிட்டு அரை மணி நேரம் படிக்கலாம் என்றார். வெளியே வந்து ஆட்டோவில் ஏறியதும் அழுதுவிட்டேன், அப்போதுதான் ஊற்றிய சொட்டு மருந்து வீணாய்ப் போனது.

முதலில் மொத்தமாக ஒரு கும்பிடு. அலாரம் வைத்து மருந்து ஊற்றிய நாத்தனாருக்கு, டப்பா டப்பாவாக ரசம் அனுப்பியவர்களுக்கு, என் ஃபைல்களையும் சேர்த்துச் சுமந்த அலுவலகத்து ஆட்களுக்கு, மாதக் கூட்டத்தை என் வீட்டிலேயே வைத்து நான் குப்புறப் படுத்தபடி சண்டை போட விட்ட வாசகர் வட்டத்துக்கு. இங்கே டெல்லியில், மகிளா ஹாட் சந்தையில் ஞாயிற்றுக்கிழமை கடை போடும் பழைய புத்தகக்காரரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தர்யாகஞ்ச் நடைபாதையில் சந்தை இருந்த காலத்துப் பழக்கம், 2019-இல் சந்தை இடம் மாறியும் விடவில்லை. தமிழில் ஓர் எழுத்து தெரியாது அவருக்கு, ஆனாலும் சுழி சுழியாக எதைப் பார்த்தாலும் எனக்கென்று எடுத்து வைத்துவிடுவார் (இரண்டு முறை அது மலையாளமாக இருந்தது). யாரையாவது விட்டிருந்தால் பழியைக் கண்ணின் மேல் போட்டுவிடுங்கள்.

இனி மேல் வீட்டுப் பையன். பத்தாவது படிக்கிறான், பெயர் போட்டால் பள்ளிக்கூடத்தில் கிண்டல் செய்வார்களாம், வேண்டாம்.

இந்த வருடத்துக்கு நான் வைத்திருந்த கணக்கு உங்களுக்குத் தெரியும்: 40 புத்தகம், அதில் பாதியாவது டெல்லியில் குப்பை கொட்டிய தமிழ் எழுத்தாளர்களுடையது. வானொலியில் இருந்த தி. ஜானகிராமன், நேஷனல் புக் டிரஸ்டில் இருந்த ஆதவன், பல்கலைக்கழகத்தில் பாடம் எடுத்த இந்திரா பார்த்தசாரதி, பல வருடம் இங்கே இருந்த விமர்சகர் க.நா.சு. என்று பட்டியல். 'கணையாழி'கூட 1965-இல் இங்கேதான் பிறந்தது. அந்தப் பத்திரிகையைப் பல வருடம் பார்த்துக்கொண்டவர் என்கிற சாக்கில், சென்னைக்காரரான அசோகமித்திரனையும் பின்வாசல் வழியாக உள்ளே விட்டிருந்தேன். அக்டோபரில் எண்ணிக்கை 29-இல் நின்றது. விழித்திரை ஒட்டிக்கொள்வதற்காகக் கண்ணுக்குள் வாயுவை வைத்து அனுப்பிவிட்டார்கள், தலையைத் தொங்கப்போட்டுத் தரையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், டைல்ஸில் இருக்கும் கீறல்களைத் தவிர படிக்க ஒன்றுமில்லை.

ரசம் வந்த டப்பாவைத் திரும்ப வாங்கிப்போக வந்தவன்தான் அவன். மேஜை மேல் கிடந்த அடுக்கைப் பார்த்தான். "ஆன்ட்டி, இதெல்லாம் யார் படிப்பாங்க இப்போ?" என்றான். யாரும் இல்லை என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் "பதினெட்டாவது... அட்... அட்ச... க்கோடு" என்று கேட்டது. அசோகமித்திரனின் நாவல். அடுக்கில் எண்ணோடு தொடங்கிய தலைப்பு அது ஒன்றுதான், பாதித் தலைப்பு சுலபமாக வந்துவிட்டது, அதனால்தான் அதை எடுத்தானாம்.

எட்டாவது வரை தமிழ் எடுத்துப் படித்துவிட்டு விட்டவன். வீட்டில் பேச்சுத் தமிழ், வெளியே முழுக்க ஹிந்தி. 'வாழ்க்கை' வால்க்கைதான். நீளமான சொல் வந்தால் படிக்கட்டில் சாமான் ஏற்றுகிறவன் போல ஒவ்வோர் எழுத்தாய் வைத்து வைத்து ஏறுவான், மேலே போனதும் மூச்சு வாங்கிக்கொண்டு முழுச் சொல்லையும் ஒரு தரம் சொல்லிப் பார்ப்பான். அட்சக்கோடு என்றால் என்ன என்று கேட்டான், பூகோளத்தில் வருமே, குறுக்குக் கோடு என்று நான் இழுக்க, "அச்சா, அக்ஷாம்ஷ்! நாம இருக்கறது 28" என்றான். எனக்குத் தெரியாது, இத்தனை வருடம் இந்த ஊரில் இருந்தும்.

அன்றிலிருந்து ராத்திரிச் சாப்பாடு முடிந்து அரை மணி நேரம், நாளைக்கு நாலு பக்கம். பத்தாவது படிக்கிற பிள்ளையின் அரை மணி நேரத்தை விட்டுக்கொடுக்க இந்த ஊரில் எந்த அம்மாவுக்கு மனசு வரும், அவன் அம்மாவுக்கு வந்தது. கிரிக்கெட் வரும் இடங்களில் வேகம் பிடித்துவிடுவான். நிஜாமுக்காகச் சண்டை போட்ட தொண்டர் படையை 'ரஜாக்கர்' என்று நான் சொன்னால் "ரஜாக்கர் இல்ல ஆன்ட்டி, ரஸாக்கார்" என்று திருத்துவான். செகந்திராபாத்தில் தமிழ் வீட்டுக்குள்ளேயும் மற்ற மொழிகள் வெளியேயுமாக வளரும் பையனின் கதை அது, 1947, 48. அது தன் கதையும்தான் என்று அவன் ஒரு நாளும் சொல்லவில்லை, நானும் சொல்லிக் கெடுக்கவில்லை. ஒரே ஒரு நாள் நாலு பக்கம் முடிந்தும் எழுந்து போகாமல் ஐந்தாவதைத் திருப்பினான்.

வெட்கத்தோடு ஒன்று ஒத்துக்கொள்கிறேன். அவன் ஒரு சொல்லில் தட்டுத்தடுமாறி நிற்கும்போது நானும் கூடவே நிற்க வேண்டியிருந்தது, வேறு வழியில்லை. என் நோட்டில் வரிசையாக டிக் போட்டிருக்கும் அந்த 29-இல் இப்படி எங்காவது நின்றேனா என்று யோசித்துப் பார்த்தேன். ஆறேழு புத்தகங்களின் கதையே நினைவில் இல்லை. ஒன்றை அதற்கு முந்தைய வருடமும் படித்து டிக் போட்டிருக்கிறேன்!

வருடம் 29-லேயே முடிந்தது. வட்டத்தில் இதற்காக ஓட்டுவீர்கள், ஓட்டுங்கள். புது வருடத்துக்கு எண்ணிக்கை எதுவும் வைக்கவில்லை.

புத்தகம் இன்னும் பாதியில் இருக்கிறது, பழைய மெட்ரோ கார்டு ஒன்றை அடையாளம் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். பிப்ரவரியில் போர்டு பரீட்சை, அது முடிகிற வரை கீழே வராதே என்று நான்தான் விரட்டினேன். டாக்டர் அரை மணி நேரம் கொடுத்திருக்கிறார்தான், அதில் வேறு எதையாவது படித்துக்கொள்கிறேன், அந்தக் கார்டைத் தாண்டி ஒரு வரி பார்க்க மாட்டேன். 1948 செப்டம்பரில் ராணுவம் ஐதராபாத்துக்குள் போனது எல்லோரும் சரித்திரத்தில் படித்ததுதான். கதையில் வரும் பையன் சந்திரசேகரனுக்கு என்ன ஆகிறது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் இன்னும் தெரியாது. தெரிந்தவர்கள் தயவுசெய்து மார்ச் வரை வாயைத் திறக்காதீர்கள்.