சொல்ல மாட்டேன் என்று அவள் சொல்லவில்லை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. உடனே பதில் போடாததற்குச் சோம்பல் காரணமில்லை, வலது கட்டைவிரலில் ஒரு வலி, தட்டச்சு செய்தால் கூடுகிறது, டாக்டர் ஒரு வாரம் கையைச் சும்மா வை என்றார். 40 வருஷம் மொழிபெயர்த்தே சோறு போட்ட கையை எப்படிச் சும்மா வைப்பது? இப்போது பரவாயில்லை. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறாதே என்றால் கேட்கவா போகிறாய்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பேரன் யாரோ ஒரு பெண்ணோடு பழகுகிறானாமே என்று பேத்தியிடம் போனில் கேட்டிருக்கிறாய், அவள் 'தட்ஸ் நாட் மைன் டு டெல், தாத்தா' என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டாள். மைன் என்றால் என்னுடையது, டு டெல் என்றால் சொல்ல, இரண்டும் எப்படி ஒட்டும், என்ன இலக்கணம் இது என்று கேட்கிறாய். படித்ததும் விரல்வலி பாதி போய்விட்டது. ஏனென்றால் இதே அமைப்பில் நான் ஒரு தடவை நன்றாக வழுக்கி விழுந்திருக்கிறேன்.

2016 அமெரிக்கத் தேர்தல் சமயம். ஒரு பத்திரிகைக்கு இரவில் வெளிநாட்டுச் செய்திகளை மொழிபெயர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஹிலாரி கிளின்டனைப் பற்றிய ஒரு கட்டுரையில் 'தி எலெக்‌ஷன் இஸ் ஹெர்ஸ் டு லூஸ்' என்று ஒரு வரி. மணி பன்னிரண்டரை, கண் சொருகுகிறது, ஹெர்ஸ், லூஸ், ரெண்டையும் சேர்த்து 'இந்தத் தேர்தலில் அவர் தோற்பது உறுதி' என்று தட்டிவிட்டேன். உண்மையில் அந்த வரி சொன்னது நேர் எதிர். தேர்தல் ஏற்கெனவே அவர் கையில் இருக்கிறது, அவராகக் கெடுத்துக்கொண்டால்தான் போகும் என்று அர்த்தம். கையில் இருப்பதைத்தானே இழக்க முடியும்! மறுநாள் ஆசிரியர் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கினார். நவம்பரில் ஹிலாரி தோற்றது வேறு கதை, என் பிழை பலித்துவிட்டது என்று ஆசிரியரிடம் சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை.

இந்த அமைப்பில் ஒரு பொருள் இருக்கும், அது யாருக்கு உரியது என்பதை மைன், யுவர்ஸ், ஹெர்ஸ் சொல்லும், அதை அவர் என்ன செய்யலாம் என்பதைப் பின்னால் வரும் டு சொல்லும். 'யுவர்ஸ் டு கீப்', நீயே வைத்துக்கொள். 'யுவர்ஸ் டு டிசைட்', முடிவு உன் கையில். கவனித்தாயா, அந்தப் பொருள்தான் பின்னால் வரும் வினைக்குச் செயப்படுபொருள். எதை வைத்துக்கொள்வது, எதைச் சொல்வது, எதை இழப்பது என்று கேட்டால் வாக்கியத்தின் முன்பகுதியே பதில் சொல்லிவிடும். அதனால்தான் 'தி ரூம் இஸ் யுவர்ஸ் டு ஸ்லீப்' என்று நிறுத்தினால் நொண்டுகிறது. கடைசியில் ஒரு 'இன்' சேர்த்தால் உடனே நிமிர்ந்துவிடும், அறை போய் உட்கார ஒரு இடம் கிடைத்துவிட்டது இல்லையா.

இதென்ன இந்தக் காலத்துப் பிள்ளைகளின் பேச்சு என்று நினைக்காதே. 1611-இல் வந்த ஜேம்ஸ் அரசர் பைபிளிலேயே இருக்கிறது, மத்தேயு 20:23. தன் வலப்பக்கமும் இடப்பக்கமும் உட்காரும் இடத்தை 'நாட் மைன் டு கிவ்' என்கிறார் இயேசு. தமிழில் அது 'அருளுவது என் காரியமல்ல'. அந்த 'காரியம்' என்ற சொல்லைப் பார், என்னுடையது, உன்னுடையது என்று உடைமையைத் தேடிப் போகாமல் நேராக விஷயத்தைப் பிடித்திருக்கிறார்கள். எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

பள்ளியில் நாம் நெட்டுருப் போட்ட ஆங்கிலக் கவிஞர் டென்னிசனின் பாட்டு கொஞ்சம் வேறு சாதி. 1854-இல் பாலக்ளாவா போரில் குதிரைப்படை பீரங்கிகளுக்கு நேரே பாய்ந்ததைப் பற்றியது. 'தெயர்ஸ் நாட் டு ரீசன் ஒய்', ஏன் என்று கேட்பது அவர்கள் வேலையல்ல, அடுத்த வரி 'தெயர்ஸ் பட் டு டூ அண்ட் டை', செய்து மடிவதுதான் அவர்கள் வேலை. இங்கே தெயர்ஸ் என்றால் அவர்கள் வேலை, அவர்கள் கடமை. அங்கே எந்தப் பொருளும் கைமாறவில்லை. இன்றைக்கு அப்படிப் புதிதாக யாரும் எழுதுவதில்லை, அந்த வரியைத்தான் திருப்பித் திருப்பிச் சொல்கிறார்கள், அதையும் தெயர்ஸை அவர்ஸ் ஆக்கி, 'டூ அண்ட் டை'யை 'டூ ஆர் டை' ஆக்கி.

இன்னொரு இடமும் வழுக்கும். 'ஹிஸ் ரெஃப்யூசல் டு சைன்' என்றால் மறுத்தவனும் அவன், கையெழுத்துப் போடாதவனும் அவன், சிக்கல் இல்லை. ஆனால் 'மை இன்விடேஷன் டு ஸ்பீக்'? நான் ஒருவரைப் பேச அழைத்தேனா, என்னை யாராவது பேச அழைத்தார்களா? இரண்டுக்கும் அதே மூன்று நான்கு சொற்கள்தான், முன்னே பின்னே படித்துப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். இங்கே தமிழ் கெட்டிக்காரி. நான் விடுத்த அழைப்பு, எனக்கு வந்த அழைப்பு, ஒரு எச்சத்தைப் போட்டால் தீர்ந்தது வழக்கு.

அப்புறம், 'மை கோயிங்' என்பார்களே தவிர 'மை டு கோ' என்று ஆங்கிலத்தில் யாரும் சொல்வதில்லை, அங்கே 'ஃபார் மீ டு கோ' என்று சுற்றி வர வேண்டும். அந்த 'மை கோயிங்'கை 'மீ கோயிங்' என்று சொல்லலாமா என்பதற்கே பெரிய சண்டை நடந்திருக்கிறது. ஆங்கிலத்தை எப்படி எழுத வேண்டும் என்று சட்டம் சொன்ன ஃபவுலர் கூடாது என்று அடித்துச் சொன்னார், 1926-இல் வந்த அவருடைய ஆங்கில வழக்கு அகராதியிலும் விடவில்லை. டென்மார்க் மொழியியலாளர் யெஸ்பர்சன், நல்ல எழுத்தாளர்களே காலங்காலமாக அப்படி எழுதியிருக்கிறார்கள் என்று உதாரணங்களை அடுக்கினார். நான் யெஸ்பர்சன் கட்சி. நமக்கு இந்தத் தலைவலியே இல்லை, 'நான் போவது' என்போம், 'என்னுடைய போவது' என்று குழந்தைகூடச் சொல்லாது.

இலக்கணம் கிடக்கட்டும். பேத்தி சொன்னதில் நீ கவனிக்காமல் விட்ட ஒன்று இருக்கிறது. அப்படி ஒரு பெண்ணே இல்லையென்றால் 'இல்லை தாத்தா' என்று சொல்லியிருப்பாள். நான் சொல்ல வேண்டிய விஷயம் அது இல்லை என்கிறாள், அப்படியென்றால் விஷயம் இருக்கிறது, சொல்ல வேண்டிய ஆள் அவள் அண்ணன். அவளைத் துருவாதே. ஞாயிற்றுக்கிழமை நேரே பேரனுக்கே போன் போடு, எடுத்ததும் அதைக் கேட்காதே, முதலில் சாப்பிட்டாயா என்று கேள். பெண் எந்த ஊர் என்று தெரிந்தால் எனக்கும் ஒரு வரி எழுது. எனக்குச் சொல்லலாமா என்று மட்டும் அவனிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்