அந்த மூலையில் ஒரு ரேடியஸ் போடு

கோயம்புத்தூர்
ஞாயிறு இரவு

அன்புள்ள கண்ணு,

ஷாஃப்ட் என்கிற சுழலும் தண்டின் மாடலைக் கம்ப்யூட்டரில் சின்னச் சின்னக் கட்டங்களாக (மெஷ்) பிரித்து, எங்கே எவ்வளவு ஸ்ட்ரெஸ், அதாவது உள்ளழுத்தம், விழுகிறது என்று பார்க்கிறாயே, அதைப் பற்றி நேற்று நீ போனில் கேட்டதற்கு என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. அடுப்பில் பால் இருந்தது, வாசலில் சிலிண்டர்காரர் நின்றுகொண்டிருந்தார். "மெஷ்ஷைப் பொடிசாக்க ஆக்க அந்த மூலையில ஸ்ட்ரெஸ் ஏறிட்டே போகுதும்மா. முதல்ல 180, அப்புறம் 260, இப்ப 400 காட்டுது. எதைம்மா நம்பறது?" என்று கேட்டாய். ஷாஃப்ட்டின் மெட்டீரியலை மாற்றிவிடலாம் என்று உன் டீமில் பேசிக்கொள்வதாகவும் சொன்னாய். மாற்றுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடு. இதை எழுதாமல் எனக்குத் தூக்கம் வராது.

முதலில் உன் கேள்விக்குப் பதில். அந்த மூன்று எண்களில் எதையும் நம்ப வேண்டாம். நீ அனுப்பிய டிராயிங்கைப் பார்த்தேன். விட்டம் மாறுகிற அந்த ஸ்டெப்பை, மூலைக்கு வளைவு கொடுக்கிற ரேடியஸே இல்லாமல், நேர் கோணமாக வரைந்திருக்கிறாய். ரேடியஸ் பூஜ்யம் என்றால் கணக்குப்படி அந்தப் புள்ளியில் ஸ்ட்ரெஸ்ஸுக்கு எல்லையே கிடையாது. அதனால்தான் மெஷ்ஷை எவ்வளவு பொடிசாக்கினாலும் எண் ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. சாஃப்ட்வேரில் கோளாறு இல்லை. ஒரு ரேடியஸைப் போட்டுவிட்டு மறுபடி ஓட்டிப் பார். இரண்டு மூன்று தடவையில் எண் அடங்கிவிடும்.

சரி, எவ்வளவு ரேடியஸ் என்று அடுத்துக் கேட்பாய். அதற்கு நான் பொள்ளாச்சி ஷாஃப்ட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாமா பட்டறையில் ஜன்னல் ஓரமாக ஒரு உடைந்த இரும்புத் துண்டு இருக்குமே, சின்ன வயதில் நீ பேப்பர் பறக்காமல் இருக்க வைத்து விளையாடுவாயே, அதுதான். அது என் கணக்கில் உடைந்தது.

நீ பிறப்பதற்கு முன்பு. நான் பாலிடெக்னிக்கில் மெஷின் டிசைன் பாடம் எடுக்க ஆரம்பித்து மூன்றாவது வருஷம். மாமா கோயம்புத்தூர் கணபதிப் பகுதியில் ஒற்றை லேத்தை வைத்துப் பட்டறை போட்ட புதிது. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு நார் மில்லில் மட்டை அடிக்கிற மெஷினுக்கு ஷாஃப்ட் செய்து தரச் சொல்லி வேலை வந்தது. "அம்மிணி, நீதான் இதையெல்லாம் பாடமா நடத்தறயே, கணக்குப் போட்டுக் குடு" என்றார். எனக்கு அவ்வளவு பெருமை. அன்று ராத்திரியே உட்கார்ந்து போட்டேன்.

10 எச்.பி. மோட்டார், ஷாஃப்ட்டின் வேகம் நிமிடத்துக்கு 720 சுற்று. டார்க், அதாவது முறுக்கு விசை, கிட்டத்தட்ட 100 நியூட்டன் மீட்டர் வருகிறது. பெல்ட் ஓடுகிற புல்லி, ஷாஃப்ட்டைத் தாங்குகிற பேரிங்குக்கு வெளியே 120 மில்லிமீட்டர் தள்ளித் தொங்குகிறது. பெல்ட்டின் இரண்டு பக்க இழுவையும் சேர்த்து 1200 நியூட்டன் என்று வைத்துக்கொண்டால், பேரிங் இருக்கிற இடத்தில் வளைப்பு 144 நியூட்டன் மீட்டர். 30 மில்லி ஷாஃப்ட் எடுத்தால் முறுக்கினால் வருகிற ஸ்ட்ரெஸ் 19 மெகாபாஸ்கல், வளைப்பினால் வருவது 54. நாங்கள் எடுத்தது இஎன் 8 என்ற ரக இரும்பு. அது 280 வரைக்கும் நிரந்தரமாக வளையாமல் தாங்கும். ஆக ஐந்து மடங்கு பாதுகாப்பு என்று எழுதி அடிக்கோடு போட்டேன். பேரிங்கின் நம்பர் 6306. கடைசி இரண்டு எண்ணை ஐந்தால் பெருக்கினால் உள் விட்டம் 30, சரியாக உட்காரும். பேரிங் முட்டி நிற்க 40 மில்லிக்கு ஒரு ஸ்டெப். டிராயிங்கில் அந்த மூலையில் எதையும் குறிக்கவில்லை. மாமா நல்ல கூர்மையான டூலைப் போட்டு, மூலையைக் கத்தி வெட்டின மாதிரி நறுக்கென்று எடுத்துக் கொடுத்தார். பார்க்க அழகாக இருந்தது.

19-ஆம் நாள் உடைந்தது.

உடைந்த துண்டை மாமா துணியில் சுற்றி வீட்டுக்கே கொண்டுவந்தார். திட்டவில்லை. மேசை மேல் வைத்துவிட்டு "பாரு" என்றார், அவ்வளவுதான். வளைந்தோ நெளிந்தோ உடையவில்லை. சுண்ணாம்புக்கட்டி உடைந்த மாதிரி நேராகத் துண்டாகியிருந்தது. உடைந்த முகத்தில் ஓரத்தைச் சுற்றிலும் வழவழப்பு. அந்த வழவழப்பில், அலை வந்து போன மணலில் கோடு விழுந்திருக்குமே, அந்த மாதிரி மெல்லிய வளைவுக் கோடுகள். நடுவில் ஒரு எட்டணா அளவுக்கு மட்டும் சர்க்கரை கொட்டியதுபோல் சொரசொரப்பாக இருந்தது. விரிசல் ஓரத்தில் பிறந்து நாள் கணக்கில் உள்ளே நடந்து வந்திருக்கிறது. கடைசியில் மிச்சமிருந்த அந்த எட்டணா அகலம்தான் மொத்தச் சுமையையும் தாங்கியிருக்கிறது. அது ஒரே நொடியில் போய்விட்டது.

நான் எங்கே தவறினேன் என்று உனக்கு இப்போது தெரிந்திருக்கும். பெல்ட் ஒரே பக்கமாகத்தான் இழுக்கிறது. ஆனால் ஷாஃப்ட் சுற்றுகிறதே. ஒரு நொடி இழுபடுகிற இடம் அரைச் சுற்றில் எதிர்ப்பக்கம் போய் அமுங்குகிறது, மறுபடி இழுபடுகிறது. நிமிடத்துக்கு 720 தடவை. நாளுக்குப் பத்து மணி நேரம் ஓடினால் 4,32,000 தடவை. 19 நாளில் 82 லட்சம். ஒரு தடவை தாங்குகிற சுமை வேறு, 82 லட்சம் தடவை தாங்குகிற சுமை வேறு. இஎன் 8-இன் இழுவலிமை, அதாவது இழுத்து அறுக்கத் தேவைப்படுகிற ஸ்ட்ரெஸ், 550 என்றால், பளபளவென்று தேய்த்த சின்ன மாதிரித் துண்டு அதில் பாதியைத்தான் காலாகாலத்துக்கும் தாங்கும். லேத்தில் கடைந்தபடி விட்ட பரப்புக்கும், பெரிய விட்டத்துக்கும் இன்னும் குறைத்தால் 200-க்குக் கீழே வந்துவிடும். இந்தப் பக்கம் என் 54 அப்படியே இருக்காது. கூர்மூலை அதை இரண்டு, இரண்டரை மடங்காக்குகிறது. மட்டை சீராக விழாமல் ஒரு கத்தையாக விழும்போது இழுவை இன்னும் ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு ஏறுகிறது. பெருக்கிப் பார், மோசமான நேரத்தில் 200-ஐத் தாண்டிவிடும். நான் எழுதிய ஐந்து மடங்கு பாதுகாப்பு நிற்கிற இரும்புக்கு உரியது, சுற்றுகிற இரும்புக்கு உரியது இல்லை.

எனக்கு இன்றுவரை உறுத்துவது வேறு. அதே வாரம்தான் நான் வகுப்பில் ஃபடீக், அதாவது திரும்பத் திரும்ப வருகிற சுமையில் இரும்பு விரிசல் விட்டு உடைவது பற்றிய பாடம் நடத்தியிருந்தேன். 1842 மே 8 அன்று வெர்சாயிலிருந்து பாரீசுக்குத் திரும்பிய ரயிலின் எஞ்சின் அச்சு முறிந்து, பெட்டிகள் தீப்பிடித்து, கதவுகள் பூட்டியிருந்ததால் வெளியே வர முடியாமல் பல பேர் செத்ததைச் சொன்னேன். ஓடி ஓடி இரும்பின் தன்மையே மாறிவிடுகிறது என்று அன்றைக்குப் பலரும் நம்பியபோது, ரேங்கின் என்ற இளம் பொறியாளர் உடைந்த அச்சுகளைப் பார்த்து, விரிசல் விட்டம் மாறும் மூலையில்தான் தொடங்குகிறது, அங்கே வளைவு கொடுங்கள் என்று 1843-இலேயே சொன்னதைச் சொன்னேன். வோலர் என்ற ஜெர்மன் பொறியாளர் ரயில் அச்சுகளை லட்சக்கணக்கான தடவை சுற்றிச் சுற்றிச் சோதித்ததையும் போர்டில் படம் போட்டு விளக்கினேன். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து நான் வரைந்த ஷாஃப்ட்டில் மூலையை வெறுமனே விட்டேன். பாடம் ஒரு பக்கம், பென்சில் ஒரு பக்கம் போயிருக்கிறது.

அப்போதும் நான் உடனே மூலைக்குப் போகவில்லை. இன்று உன் டீமில் சொல்வதைத்தான் அன்று நானும் சொன்னேன்: இரும்பை மாற்றலாம். இஎன் 24, விலை கூடுதல், பலமும் கூடுதல். மாமா கடன் வாங்கி ராடு வாங்கினார். அதே டிராயிங், அதே மூலை. அதுவும் உடைந்தது, சில நாள் மட்டும் அதிகமாக ஓடியது. பலமான இரும்பு கூர்மூலையை இன்னும் மோசமாக உணரும், கண்ணு. மெத்தென்ற இரும்பு மூலையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்துச் சமாளிக்கும், கடினமானது விட்டுக்கொடுக்காது. கொடுத்த காசுக்குப் பலன் வந்து சேரவில்லை. இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: உங்கள் பிரச்சினை ஷாஃப்ட் அதிகமாக வளைகிறது என்பதாக இருந்தால், மெட்டீரியல் மாற்றுவதில் ஒரு பயனும் இல்லை. இஎன் 8 ஆனாலும் இஎன் 24 ஆனாலும் விறைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். விட்டத்தை 30-லிருந்து 33 ஆக்கினாலே விறைப்பு கிட்டத்தட்ட ஒன்றரை மடங்காகும்.

மூன்றாவது ஷாஃப்ட்டுக்குத்தான் ரேடியஸ் போட்டேன். ஆத்திரத்தில் 3 மில்லி போட்டுவிட்டேன். பழைய இஎன் 8 தான். மெஷின் ஓட ஆரம்பித்த அன்று சாயங்காலமே பேரிங் கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டது. கழற்றிப் பார்த்தால், பேரிங் ஸ்டெப்பில் முட்டவே இல்லை. பேரிங்கின் உள் வளையத்துக்கும் ஒரு மூலை ரேடியஸ் உண்டு. 6306-க்கு அது குறைந்தது 1.1 மில்லி, அதனால் ஷாஃப்ட் மூலையில் 1 மில்லிக்கு மேல் போகக் கூடாது. கேட்லாக்கில் பக்கத்திலேயே போட்டிருக்கிறான், நான் பார்க்கவில்லை. 3 மில்லி வளைவின் மேல் பேரிங் ஏறிச் சாய்ந்து நின்றிருந்தது.

1 மில்லி போட்டாலே கத்திமூலையை விட எவ்வளவோ மேல். ஆனால் இந்த மெஷினுக்கு அது போதுமா என்று எனக்குப் பயம். அப்போது மாமா ஒன்றும் பேசாமல் ஒரு வளையம் கடைந்தார். உள் விட்டம் 30, வெளி விட்டம் 40, அகலம் 6. ஸ்டெப்பைப் பார்க்கிற பக்கம் உள் ஓரத்தில் 3.5 மில்லிக்குச் சாய்வாக வெட்டிவிட்டார். ஷாஃப்ட்டின் 3 மில்லி வளைவு அந்தச் சாய்வுக்குள் தொடாமல் அடங்கிவிட்டது, வளையம் ஸ்டெப்பில் முட்டியது, பேரிங் வளையத்தில் முட்டியது. பாலிடெக்னிக் படிக்காத மனுஷன். அந்த ஷாஃப்ட் உடையவே இல்லை. அந்த மெஷினையே கழித்துப் போடும்வரை ஓடியது.

அதனால் உன் ஷாஃப்ட்டுக்கு: முதலில் அங்கே உட்காருகிற பேரிங்கின் கேட்லாக்கை எடு, எவ்வளவு ரேடியஸ் வரை போகலாம் என்று பார். அதைப் போட்டு மாடலை ஓட்டு. போதவில்லை என்றால் வளையம் வை, இல்லையென்றால் ஸ்டெப்பின் முகத்துக்குள் குடைந்து வளைவு கொடு. அதுவும் போதாவிட்டால் விட்டத்தைக் கூட்டு. இரும்பை மாற்றுவது அதற்கெல்லாம் அப்புறம். எதைப் போட்டாலும் டிராயிங்கில் எண்ணாக எழுது. எழுதாத மூலையில், லேத் ஓட்டுகிற டர்னர் கையில் அன்றைக்கு எந்த டூல் இருக்கிறதோ அதன் மூக்குதான் ரேடியஸ். உங்கள் ஷாப்பில் டூலின் வெட்டும் முனையான இன்செர்ட்டின் மூக்கு 0.4, 0.8, 1.2 என்றுதான் பெரும்பாலும் இருக்கும். கீழே இறங்கிப் போய் கேள். அவர்களை அண்ணா என்று கூப்பிட்டுக் கேட்டால் நீ கேட்காததையும் சொல்வார்கள்.

உன் டிராயிங்கில் கண்ணில் பட்ட மற்ற இரண்டு. கீவே, அதாவது சாவி உட்காருகிற பள்ளம், ஸ்டெப் வரைக்கும் ஓடி முட்டுகிறது. கீவே முனையும் ஒரு மூலை, ஸ்டெப்பும் ஒரு மூலை. இரண்டையும் ஒரே இடத்தில் சேர்க்காதே, கொஞ்சம் முன்னாலேயே நிறுத்து. அப்புறம், இரண்டு பேரிங்கையும் இரண்டு பக்கமும் இறுக்கிக் கட்டியிருக்கிறாய். அரை மீட்டர் ஷாஃப்ட் 40 டிகிரி சூடானால் கால் மில்லி நீளும். அது எங்கே போகும்? ஒன்றைக் கட்டு, இன்னொன்றை ஹவுசிங்குக்குள், அதாவது பேரிங் உட்காருகிற கூட்டுக்குள், நகர விடு.

மீட்டிங்கில் இதைச் சொல்லத் தயக்கமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். சேர்ந்து நாலு மாசம்தான் ஆகிறது. ரேடியஸ் இல்லாமல் ஒன்று, ரேடியஸோடு ஒன்று என்று இரண்டு மாடலையும் ஓட்டி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டு. நீ வாயால் அதிகம் சொல்ல வேண்டியிருக்காது.

மாமா பையன் புதன்கிழமை புனே வருகிறான். முறுக்கும் கம்பு மாவும் கொடுத்து விடுகிறேன். கூடவே அந்தப் பொள்ளாச்சித் துண்டும் வருகிறது. மாமாவிடம் கேட்டதும் துடைத்து, எண்ணெய் தடவி, அவரே பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். கனமாக இருக்கிறது என்று அவனிடம் சொல்லிவிட்டேன். வந்ததும் ஜன்னல் பக்கம் எடுத்துப் போய், வெளிச்சம் பக்கவாட்டில் விழுகிற மாதிரி சாய்த்துப் பார். அந்தக் கோடுகள் அப்போதுதான் தெரியும். தொடங்கிய இடத்தை விரலால் தடவிப் பார், பழைய டூல் தடம் இன்னும் இருக்கிறது.

திருத்திய டிராயிங்கை வாட்ஸ்அப்பில் அனுப்பு. மூலையில் போட்ட எண் தெரிகிற மாதிரி கிட்டத்தில் எடு, எனக்கு இப்போதெல்லாம் சின்ன எழுத்து சரியாகத் தெரிவதில்லை.

அன்புடன்,
அம்மா