சன்னலுக்கு வந்த அந்துப்பூச்சி

கான்பெரா,
அக்டோபர் 19

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு யாவரும் நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

உருளைக்கிழங்குப் பாத்தியில் மறுபடியும் வெட்டுப்புழு விழுந்துவிட்டதென்று நீங்கள் தொலைபேசியில் வருத்தப்பட்டீர்கள். அன்றிரவே, அந்தப் புழு வளர்ந்து மாறும் பூச்சியின் பேரினத்தைச் சேர்ந்த அந்துப்பூச்சி ஒன்று எங்கள் சமையலறைச் சன்னலில் வந்து ஒட்டிக்கொண்டது. கட்டைவிரலின் முதல் கணு அளவு உடல், சருகின் நிறம், இறக்கையில் கருங்கோட்டின் நடுவே இரண்டு வெளிர் புள்ளிகள். கண்ணாடிக்கு அப்பால் அது விடாமல் நடுங்கிக்கொண்டிருந்தது.

இதைப் போகாங் என்கிறார்கள். தெற்குக் குவீன்ஸ்லாந்துச் சமவெளி போன்ற இடங்களில் புழுவாகப் புல்லையும் பயிரையும் தின்று வளர்ந்து, வசந்தத்தில் இறக்கை முளைத்ததும், தான் கண்டேயிராத மலைக்குகைகளை நோக்கி ஆயிரம் கிலோமீட்டர் வரை இரவிலேயே பறந்து வருகிறது. பூமியின் காந்தப்புலமும் விண்மீன்களும் அதற்கு வழிகாட்டுவதாக ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். குகைச் சுவரில் சதுர மீட்டருக்குச் சுமார் 17,000 பூச்சிகள், ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக் கோடையைக் கழிக்கின்றன.

அந்த மலைகளில்தான் மலைப் பிக்மி போசம் என்னும் பையுள்ள சிறு விலங்கு வாழ்கிறது. அதன் எடை சுமார் 45 கிராம். ஒரு கோழிமுட்டை இதைவிடக் கனம். புதைபடிவமாக மட்டுமே அறிந்து, அழிந்த இனமென்று நம்பியிருந்த இதை 1966இல் விக்டோரியா மாநிலத்து ஹாதம் மலையில் ஒரு பனிச்சறுக்குக் குடிலில் உயிரோடு கண்டார்கள். பூச்சி முட்டையிட்டுவிட்டுப் பிள்ளை முகம் பாராமலே இறந்துபோகும். போசம் குட்டிகளோ அரிசிமணி அளவுக்குள் பிறந்து, தாமே ஊர்ந்து தாயின் பைக்குள் போய், நான்கு காம்புகளில் ஆளுக்கொன்றைப் பற்றிக்கொள்கின்றன. ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரம், பாருங்கள். ஆனாலும் பனிக்கடியில் மாதக்கணக்கில் உறங்கி எலும்பும் தோலுமாய் எழும் அந்தத் தாய்க்கு, கொழுப்பு நிறைந்த இந்தப் பூச்சிதான் பாலாக மாறுகிறது. 2017 முதல் வறட்சி சமவெளியை வாட்டியபோது பூச்சிகள் வரவில்லை. பைக்குள் இருந்த குட்டிகள் மடிந்தன. எங்கோ பெய்யாத மழை, மலையுச்சியில் ஒரு பையை வெறுமையாக்கியதை நினைக்கும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது.

உங்கள் புழுவைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லமாட்டேன், அப்பா; அடித்தண்டு வெட்டுண்டு சாய்ந்த செடியை நீங்கள் கையில் எடுத்துப் பார்த்தது எனக்கு நினைவிருக்கிறது. இங்கே நாடாளுமன்றக் கட்டடத்தின் விளக்குகள்கூட இவற்றை வழிதவற வைத்துவிடுகின்றன. அதனால் சமையலறை விளக்கை அணைத்துவிட்டு இருட்டிலேயே சாப்பிட்டோம். காலையில் சன்னலில் பூச்சி இல்லை.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்